புளியமரத்தில் கட்டிப் போட்ட கார்

உலகத்தில் ஒரு வண்டியைக்கூட உயிரோடு பார்த்தறியாத மனிதர் யாராவது உண்டென்றால், அது எங்கள் ஒடுகத்தூர் கண்ணீர் அஞ்சலி பாய்தான். மலைக்குப் போகிற பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய மெக்கானிக் ஷெட் இருக்கிறது. நிஜப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஷெட்டின் போர்டில் பெயர் எப்போதோ அழிந்துபோய் 'ஒர்க்ஸ்' மட்டும் மிச்சமிருக்கிறது. இந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒட்டுகிற சாவு போஸ்டர்களைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் சுற்றி ஒரு நடை வருவார். பானெட்டைத் திறப்பார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். "மவுத்துமா" என்பார். மவுத்து என்றால் சாவு. நாம் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டால், "வூட்ல பெரியவங்க யாருனா கீறாங்களா? கூட்டினு வாங்க. உங்களாண்ட சொல்ற விஷயமில்ல" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நம்மை உட்கார வைப்பார். இத்தனையும் பிளக்கைத் துடைத்து மாட்டினால் சரியாகிவிடுகிற கோளாறுக்கு. சரிசெய்து வண்டி ஜம்மென்று கிளம்பினாலும் அவர் முகத்தில் தெளிச்சி வராது. "போவுது. எவ்ளோ தூரம் போவுதுன்னு பாப்போம்" என்பார்.

ஒருமுறை கல்யாணம் முடிந்த கையோடு ஒரு மாப்பிள்ளை, மாமனார் வாங்கித் தந்த புது பைக்கில் வந்தான். மாலைகூடக் கழற்றவில்லை. கண்ணாடி ஆடுகிறது, ஒரு முறுக்கு முறுக்க வேண்டும், அவ்வளவுதான். பாய் முறுக்கினார். பிறகு பைக்கையும் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்து, "சந்தோசமா இருங்க தம்பி, இருக்கற வரைக்கும்" என்றார். அந்தப் பெண் அங்கேயே இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டாள். "நான் வண்டியச் சொன்னேம்மா!" என்று பாய் ஆட்டோவுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடியதாகக் கேள்வி.

நான் ஜவ்வாது மலையில் கிராம சுகாதார நர்ஸ். எனக்கு வாய்த்த ஊர்களுக்குப் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கி, எனக்கு ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். அவர் லைன்மேன். உடைந்தது, ஆடுவது, தொங்குவது எதுவானாலும் கம்பியைச் சுற்றி நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டு மிக்ஸி மூடியிலிருந்து கார் வரைக்கும் அவர் சுற்றிய கம்பிதான்.

போன வருஷம் ஒருநாள் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு பாய் வந்தார். ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் ஒப்பாரி வைக்கிறவருக்கு நிஜமான சாவு வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. வாசலிலேயே நெடுநேரம் நின்றார். பிறகு காரைச் சுற்றி வந்து, நாலு டயரிலும் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலையாக இருந்தது. அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. மலை ஏறும்போது பாதியில் புகை கிளம்பி என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. பாய் வந்து பார்த்து வழக்கம்போல் துண்டை எடுத்தார். இந்த முறை அவர் சொன்னது உண்மை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், காரைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றான். நான் முடியாது என்றேன். எத்தனை கேட்டாலும் முடியாது என்றேன். அவர் போன பிறகு அந்த வீட்டில் என்னால் அழ முடியவில்லை, காரில்தான் அழுவேன். இதை மகனிடம் எப்படிச் சொல்வது? பாயிடம் மட்டும், "வேற என்ஜின் வெச்சிக் குடுங்க பாய். ஆனா அவரு கை வெச்சது எதையும் தூக்கிப் போடாதீங்க" என்றேன்.

கண்ணமங்கலத்துப் பக்கம் ஒரு விபத்துக் கார் கிடந்தது. அதே கார்தான், கொஞ்சம் பிந்திய மாடல். அதன் என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். "மவுத்தான வண்டியோட என்ஜின எடுத்து மவுத்தாவப் போற வண்டியில வெக்கிறோம். ஆண்டவன் பாத்துக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார்.

வேலை முடிந்து, பாய் மேட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வந்ததும் நான் பூசணிக்காயும் கற்பூரமும் கொண்டுபோனேன். டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம் பாயே வாங்கி வைத்திருந்தார், கஸ்டமருக்கென்று எப்போதும் வைத்திருப்பார். பூசணிக்காய் மேல் கற்பூரத்தை ஏற்றித் திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் சுற்றப் போனேன். திடீரென்று பாய் பாய்ந்து வந்து ஊதி அணைத்துவிட்டார். ஊதி அணைத்த வேகத்தில் பூசணிக்காய் என் காலில் விழுந்தது.

"சாமிக்கு ஏத்தினத அணைக்கலாமா பாய்?"

"பெட்ரோல் வாசன வருதுமா! இன்னும் ஒரு சுத்து சுத்தியிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சாமியாண்டதான் போயிருப்போம்!"

அன்றிலிருந்து ஆரம்பித்தது தேடல். ஷெட்டில் நிற்கும்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அடியில் வெள்ளைத்துணி விரித்துப் பார்த்தார், துணி அப்படியே வெள்ளையாக இருந்தது. மலைச்சாலையில் முதல் வளைவு ஏறினால் குப்பென்று வாசனை. இறங்கி வந்து பார்த்தால் சூட்டில் எல்லாம் காய்ந்திருக்கும். டேங்க் மூடியை மாற்றினார். டேங்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் பூசி ஊதிப் பார்த்தார். பில்டரை மாற்றினார். பம்பைப் பிரித்து, அதற்கும் ஒரு இரங்கல் தெரிவித்து, மறுபடி பூட்டினார். கார் சாவியை மட்டும் என்னிடம் தரவே இல்லை. சட்டைப் பையில் போட்டு, பையை ஊக்கு குத்தி வைத்திருந்தார். நான் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

மகன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழம வர்றேன்மா. பெட்ரோல் ஒழுகற வண்டில நீ மலையேற வேணாம். நான் வர்றதுக்குள்ள சரியாவலன்னா காயலான் கடைக்காரன வரச்சொல்லிடுவேன்." அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் அவனோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

சனிக்கிழமை பாய் என்னை வரச் சொன்னார். போனால், மலைச்சாலை தொடங்கும் ஏற்றத்தில் என் கார் நிற்கிறது. பின்பக்கக் கொக்கியில் கயிறு மாட்டி ஒரு புளியமரத்தோடு கட்டியிருக்கிறார். டயருக்குக் கல். பக்கத்தில் மணல் வாளிகளும் நனைத்த கோணிப்பைகளும். புளி மூட்டையோடு இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர் மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்.

"இன்னா பாய், காரு முட்டுதா? கட்டிப் போட்டுக்கீற?"

"முட்டாது. எரியும். தள்ளிப் போய் நில்லுப்பா" என்றார் பாய்.

அவர் தள்ளிப் போகாமல் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாய் எனக்கு விளக்கினார். வண்டி சும்மா நின்றால் என்ஜினும் சும்மா நிற்கும். மேட்டில் இழுக்கும்போதுதான் என்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். எது ஒழுகினாலும் அப்போதுதான் ஒழுகும். ஓடுகிற காருக்குள் தலையை விட்டுப் பார்க்க முடியாது, அதனால்தான் இந்தக் கட்டு. "ஃபஸ்ட் கியர் போட்டு கிளட்ச கொஞ்சங்கொஞ்சமா விடுங்க நர்ஸம்மா. நான் கத்தினா ஆஃப் பண்ணிட்டு எறங்கி ஓடிடுங்க. என்னப் பாக்காதீங்க."

விட்டேன். கார் உறுமிக்கொண்டு கயிற்றை இழுத்தது. புளியமரத்திலிருந்து இலை கொட்டியது. திறந்த பானெட்டுக்குப் பின்னால் பாய் தெரியவில்லை. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். "போதும்மா" என்று மெதுவாக ஒரு குரல்தான் வந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெட்ரோல் குழாயையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஓஸ். பழைய என்ஜினுக்குச் சரியாக இருந்தது, இதற்கு ஒரு விரல் குட்டை. என்ஜின் சாயும்போது இழுபட்டு, குழாயில் மாட்டியிருந்த இடத்தில் கசிந்திருக்கிறது. அந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லை. கம்பி சுற்றியிருந்தது. முனை யார் கையிலும் குத்தக் கூடாதென்று உள்ளே மடித்துச் செருகியிருந்தது. அந்தச் சுற்று யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கு மொத நாளே இதும்மேலதாமா சந்தேகம்" என்றார் பாய்.

"அப்பறம் எதுக்கு டேங்க, பம்ப எல்லாம் பிரிச்சீங்க?"

"வேற எங்கனா இருக்கும்னு பாத்தேன். எங்கனா இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "யோவ் பாய், நான் நடுமலையில எரிஞ்சி செத்திருந்தா இன்னாய்யா பண்ணுவ?" என்று கத்திவிட்டேன். மூட்டை மேல் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அதுக்குத்தான சாவிய என்னாண்டயே வெச்சினு இருந்தேன்" என்றார் பாய், ஊக்கு குத்திய பையைத் தொட்டுக் காட்டி. "அவரு கை வெச்சத தூக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. நான் எப்பிடி தூக்கறது?"

கட்டிங் பிளேயரை நீட்டினார். நான் வாங்கவில்லை. செருகியிருந்த முனையை நகத்தால் நெம்பி, கம்பியைக் கையாலேயே பிரித்தேன். என் வீட்டுக்காரர் எப்படிச் சுற்றினாரோ அப்படியே பின்னோக்கிப் பிரிந்து வந்தது. கையெல்லாம் பெட்ரோல். பாய் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். புது ஓஸ், புது கிளாம்ப் போட்டார். மறுபடி கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பானெட்டுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தான். ஒரு வளைவு ஏற்றி இறக்கிப் பார்த்தான். கடைசியில் பாயிடமே கேட்டான்.

"நெஜமா சொல்லுங்க பாய். எங்கம்மா இத நம்பி மலையேறலாமா? இன்னும் எவ்ளோ நாள் தாங்கும்?"

இதை மட்டும் இவரிடம் கேட்டிருக்கக் கூடாது. பாயின் கை துண்டுக்குப் போயிற்று. துண்டை எடுத்தார், விரல் விரலாகக் கையைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"தாங்கும் தம்பி. ஒண்ணும் ஆவாது. நீ நிம்மதியா ஊருக்குப் போ."

மகன் கைகொடுத்துவிட்டுப் போனான். அவன் பஸ் ஏறிக் கண்ணுக்கு மறைந்ததும் பாய் என் பக்கத்தில் வந்து, திருட்டுத்தனம் செய்த முகத்தோடு, "மனசு கேக்கலமா, பொய் சொல்லிட்டேன்" என்றார். "கிளட்ச் போய்னே கீது. மாசம் ஒருதடவ கொண்டாந்து காட்டுங்க, பாத்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் போன பிறகு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்காகப் பொய் சொன்னவர் இவர் ஒருவர்தான். இந்த மனிதர் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.