மாமி பிடுங்கிய டாக்

என் காதுகளைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் பெரிய அபிப்பிராயம் இருந்தது. இணையத்தில் நாற்பது வீடியோ பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காததெல்லாம் எனக்குக் கேட்கிறது என்று நம்பித் திரிந்தேன். (மனைவி கூப்பிடுவது மட்டும் கேட்காது.)

அதனால்தான் பாமன்கடைப் பக்கம் குடியிருக்கும் மாமனார் ஒருநாள் போன் எடுத்து, "தம்பி, கம்பியூட்டரிலை போடுற பாட்டு தகரத்தைச் சுரண்டுற மாதிரிக் கேக்குது. உங்களுக்குத்தானே உதுகள் விளங்கும், ஏதும் செய்யேலுமோ?" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணமாகி ஆறு வருஷத்தில் மாமா என்னிடம் கேட்ட முதல் ஆலோசனை அது. இதிலும் கோட்டை விட்டால் அடுத்த ஆறு வருஷத்துக்கும் நான் வெறும் மகளின் புருஷன்தான்.

அவருக்கு வேண்டியது டாக். கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றி அம்பிளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். கடைக்கார முஸ்லிம் நானா என் கேள்விகளில் களைத்துப்போய், மலிவானதில் இரண்டை எடுத்து நீட்டினார். சின்னக் கறுப்பு ஒன்று, பெரிய வெள்ளி ஒன்று. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, வேண்டாததைத் திருப்பித் தரச் சொன்னார். அப்படியொரு நம்பிக்கை வேறெங்கே கிடைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு மாடியறையில் இரண்டையும் கணினியோடு பொருத்திப் பூட்டினேன். கணினியிலிருந்து அம்பிளிஃபயருக்கு நேரே போகும் பழைய வயரைக் கழற்றவில்லை. (எங்கள் வீடுகளில் வயர் கழற்றும் வழக்கம் இல்லை. 'கிடக்கட்டும்' என்பதுதான் சட்டம்.) பெட்டிகளில் விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. வேறென்ன வேண்டும்? கறுப்பின் சுவிட்சைப் போட்டு, இதில் வயலின் காய்ந்து கிடக்கிறது என்றேன். அதை அணைத்து வெள்ளியைப் போட்டு, இதில் ஈரம் இருக்கிறது என்றேன். மாமா கண்ணை மூடித் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் கடலில்கூடக் குதித்திருப்பேன்.

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். "வெள்ளியிலை பாட்டுக்காரி மூச்செடுக்கிறது கேக்குதோ, மாமா?"

"ஓம், வடிவாக் கேக்குது."

கண்ணைத் திறந்தால் மாமி. வடைத் தட்டு வைக்க மேசையில் இடமில்லாமல், இரண்டு பெட்டிகளையும் வயரோடு பிடுங்கிக் கதிரையில் போட்டிருந்தார். பாட்டு மட்டும் நிற்கவேயில்லை. அவ்வளவு நேரமும் அது பழைய வயராலேயே வந்திருக்கிறது. நான் கணினியில் எதையும் மாற்றவுமில்லை, எந்த வயரின் பாட்டு என்று தெரிவுசெய்யும் அம்பிளிஃபயர் குமிழைத் திருப்பவுமில்லை.

மாமா என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன். மாமி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"மூச்சு நான்தான். தட்டோடை மாடிப்படி ஏறி வந்தனான் எல்லே."

இரண்டு ஆம்பிளைகளின் மானத்தை ஒரே மூச்சில் காப்பாற்றிய மனுஷி! அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும், வெட்கம் விடவில்லை. பிறகு என்னைக் கொண்டே எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டுவித்து, மாறி மாறிக் கேட்டுத் தீர்ப்பும் சொன்னார். இரண்டும் பழையதைவிடத் திறமாம், ஆனால் தட்டு வைக்க இடம் வேண்டுமாம், சின்னதே போதுமாம். அந்தக் கறுப்புப் பெட்டி இன்றுவரை அருமையாகப் பாடுகிறது.

வாசல்வரை வந்த மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக என் தோளில் கைபோட்டார். "தம்பி, நானும் அந்த மூச்சைக் கேட்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. மாமி சொல்லிவிட்டார். இப்போது வீட்டில் யார் எந்தப் புதுச் சாமானைப் புகழத் தொடங்கினாலும், "அம்மா படி ஏறி வந்திட்டாவோ?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சிரிப்பாள். மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.