மணல் திட்டில் கூடாரம் சார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். ஜெபத்தைக் கேலி செய்கிறான் என்று சபையார் யாராவது மனம் நோவார்களோ என்கிற பயம் ஒரு பக்கம். எட்டாவதோடு நின்றவனுக்குப் பத்திரிகையில் என்ன வேலை என்கிற வெட்கம் ஒரு பக்கம். ஆனால் நான் எழுதாவிட்டால் இதைத் தப்புத் தப்பாகச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்டவர் என் மனதை அறிவார். எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு கூடாரம் வாங்கி, பிறகு அதைப் போட்டு வைப்பதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர்தான் கூடாரம் சார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணம் ஆகாதவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தின் நடுவில் அந்தப் பட்டாளத்துக் கூடாரம் நின்றுகொண்டிருக்கும். ராணுவம் கழித்துப்போட்ட சரக்கு. கூடாரத்தைவிட ஒட்டுத் துணி அதிகம். அதற்குள்தான் அவர் படுப்பார்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏன் சார், மேலே ஓடு போட்டு வெச்சிருக்கேன், அது பத்தாதா?"

"ஓடு உங்களுது. கூடாரம் என்னுது" என்றார் இவர்.

மனுஷன் வருஷத்தில் ஒருநாளாவது சுவரில்லாத இடத்தில், மணலில் உட்கார்ந்து, தலைக்கு மேலே பறவை பறக்கச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படிச் செய்யாதவனுக்கு முதலில் மலச்சிக்கல் வரும், பிறகு அவிசுவாசம் வரும் என்பார். அதற்காக ஒவ்வொரு பொங்கல் லீவிலும் எங்கள் சபையாரை லாரியில் ஏற்றி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் பக்கத்திலுள்ள உப்பங்கழிக்குக் கூட்டிப்போவார். கழி கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு மணல் திட்டு. சுற்றிலும் தண்ணீர். மரம் கிடையாது, நிழல் கிடையாது, கொஞ்சம் அடம்பங்கொடி மட்டும் உண்டு. "ஏதேன் தோட்டம்கூட ஆரம்பத்துல இப்படித்தான் இருந்திருக்கும்" என்பார் கூடாரம் சார். மரம் நடுவதற்கு முந்தியா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பயணத்தில் ஒரு பெரிய காரியம் இருந்தது. என் தங்கை கிரேஸைப் பெண் பார்க்க அதற்கு முன் மூன்று இடம் வந்து போயிருந்தது. மூன்றும் போனது போனதுதான். பெண்ணிடம் குறை ஒன்றுமில்லை. மனதில் பட்டது அப்படியே வாயில் வந்துவிடும். "பாடுவியாம்மா?" என்று கேட்ட ஒரு மாமனாரிடம், "நான் பாடுவேன், நீங்க தாங்குவீங்களான்னு தெரியல" என்று சொன்னவள் அவள்.

நாலாவதாக வந்தது செங்கல்பட்டு இடம். பையன் ஜெயசீலன், டெலிபோன் ஆபீஸில் வேலை. அவன் தாயார் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். வீட்டில் வந்து பஜ்ஜி தின்று பார்ப்பதைவிடச் சபையாரோடு சபையாராகப் பிக்னிக்கில் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. லாரி ஏறும்போதே அம்மா கிரேஸின் காதில் சொல்லிவிட்டாள்: "சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறந்தே, இந்த இடமும் போச்சு. நான் தாங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

கிரேஸ் தலையாட்டினாள். அப்போதே வாயை மூடிவிட்டாள். கேளம்பாக்கம் உப்பளத்தைப் பார்த்துக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

கழிக்கரையில் தோணிக்காரர் கன்னியப்பன் காத்திருந்தார். குப்பத்து மனிதர். கூடாரத்தையும், பிரியாணி அண்டாவையும், ஆர்மோனியப் பெட்டியையும் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னா சார் இது, திட்டுக்குப் போறீங்களா, தனிக்குடித்தனம் போறீங்களா?"

"ரெண்டும்தான் கன்னியப்பா, ஏத்து" என்றார் கூடாரம் சார்.

நடை நடையாகத் தோணி போய் வந்து எல்லாரும் திட்டில் இறங்கினோம். கூடாரம் அடிக்க அரைநாள் ஆனது. கடைசி நடையில் வந்த கன்னியப்பனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். தோணியைக் கட்ட அவர் இடம் தேடினார். திட்டில்தான் மரமே இல்லையே.

"சார், உங்க கூடாரத்து முளைல கட்டிக்கிட்டா?"

"அது கூடாரத்துக்கு அடிச்ச முளை. தோணி அதை இழுத்துட்டுப் போச்சுன்னா? கையில பிடிச்சுக்க."

கன்னியப்பன் ஒரு கையில் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தியின் ஓரத்தில் நின்றார். இலை போட்டாயிற்று. கூடாரம் சார் எழுந்து, "எல்லாரும் கைகூப்பி, கண்ணை மூடி ஜெபிப்போம்" என்றார்.

கூடாரம் சாருடைய ஜெபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மற்றவர்கள் ஆகாரத்துக்காக நன்றி சொல்வார்கள். அவர் ஆகாரத்துக்கு வந்து சேருவதற்குள் வானத்திலும் பூமியிலும் தண்ணீரிலும் உள்ள சகலத்துக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்ல வேண்டும்.

"தலைக்கு மேல பறக்கிற ஆலாக்களுக்காக."

"ஸ்தோத்திரம்."

"ஒத்தைக்கால்ல நிற்கிற நாரைக்காக. இப்ப ரெண்டு காலையும் ஊன்றினதுக்காக."

"ஸ்தோத்திரம்."

"துள்ளுற மடவை மீனுக்காக. வலப்பக்கம் ஓடுற நண்டுக்காக. சகோதரர் சாலமோனுடைய இலையில ஏறுற அதே நண்டுக்காக."

"ஸ்தோத்திரம்" என்றோம். சாலமோன் அண்ணன் குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் சபையில் ஆமென் சொல்லுமுன் கண் திறப்பது அவ்வளவு பெரிய குற்றம்.

"தண்ணீர்மேல ஆளில்லாமத் தனியாப் போற தோணிக்காக."

"ஸ்தோத்திரம்" என்றோம் எல்லாரும், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா உட்பட.

அதற்குப் பிறகும் மேகம், காற்று, தபால் இலாகா என்று போய் ஒருவழியாக ஆமென் வந்தது. கண்ணைத் திறந்தோம். கன்னியப்பன் இரண்டு கையையும் கூப்பியபடி பக்தியாக நின்றுகொண்டிருந்தார். கயிறு இல்லை. தோணி எங்கோ முகத்துவாரத்துப் பக்கம் ஒரு முருங்கைக்காய் அளவுக்குத் தெரிந்தது.

"யோவ், கயித்தை ஏன்யா விட்ட?" என்று சாலமோன் அண்ணன் பாய்ந்தார்.

"கைகூப்புன்னு சார்தானே சொன்னாரு. சாமி கும்புட சொல்லோ ஒரு கையால கும்புட்டா நல்லாவா கீது?"

சாலமோன் அண்ணன் தன் இலையிலிருந்த நண்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா எழுந்தார். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் விசாரிப்பாரே, அதே குரல். "இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடவா பார்க்கல?"

அப்போதுதான் நான் கிரேஸைப் பார்த்தேன். முகம் சிவந்து, கன்னம் உப்பி, வாயில் ஒரு குடம் தண்ணீரை அடக்கிக்கொண்டிருப்பவள்போல இருந்தாள். அம்மா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். இன்னும் ஒரு நிமிஷம் அடக்கியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"நான் பார்த்தேன்" என்றாள் கிரேஸ். "நாரைக்கு நன்றி சொல்றப்பவே கயிறு விட்டுப்போச்சு. எங்க அம்மா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெபத்துல கண்ணைத் திறந்தியா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"அவங்க மட்டுமில்ல, நானும் திறந்திருந்தேன்" என்று ஒரு குரல். ஜெயசீலன். அதுவரை அவனுக்குக் குரல் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

"நீயும் தோணியைப் பார்த்தியா?"

"இல்லம்மா. அவங்க தோணியைப் பார்த்தாங்க. நான் அவங்களைப் பார்த்தேன்."

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சிரிக்கவில்லை. பையைத் தேடி எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். புறப்படுகிறவர் செய்கிற காரியம் அது. புறப்படத்தான் தோணி இல்லை.

அப்போது கூடாரம் சார் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். "அம்மா, நானும் கண்ணைத் திறந்துதான் ஜெபிச்சேன். எப்பவும் அப்படித்தான். அவர் செஞ்சதைப் பார்க்காம எதுக்குன்னு நன்றி சொல்றது? தோணி போறதையும் நான்தான் சொன்னேன். நீங்ககூட ஸ்தோத்திரம்னீங்க."

"போறதைப் பார்த்துட்டு ஏன் சார் நிறுத்தல?"

"ஜெபத்தை நடுவுல நிறுத்தலாமா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தன் இலைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "பிரியாணியைப் போடுங்க" என்றார்.

கன்னியப்பன்தான் எல்லாரையும் தேற்றினார். "இன்னாத்துக்கு பேஜாரு? தண்ணி வத்தினுகீது. சாயங்காலம் முட்டி ஆழத்துல நடந்தே பூடலாம். தோணி எங்கியாவது மணல்ல தட்டி நிக்கும், என் மச்சான் இஸ்துனு வருவான்." அப்புறம் என்ன, பிள்ளைகள் மணலில் புரண்டார்கள், பெரியவர்கள் கிளித்தட்டு ஆடினார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூடாரத்துக்குள் படுத்துக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டைக்கும் கூடாரம் சார் மெல்லிய குரலில் நன்றி சொன்னதாக சாலமோன் அண்ணன் சொல்கிறார். நான் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கழியைக் கடந்தோம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி கிரேஸின் தோளைப் பற்றிக்கொண்டார்.

"முன்னால பார்த்துச் சொல்லும்மா. எனக்குக் கண் சரியாத் தெரியல."

"இடது பக்கம் பள்ளம், அத்தை" என்றாள் கிரேஸ்.

நடந்தவர் நின்றுவிட்டார். "அத்தைன்னா சொன்ன?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"இனிமே தவறாமச் சொல்லு. எங்க வீட்டுல எல்லாருக்கும் கண்ணை மூடிக்கத் தெரியும். பார்த்ததைச் சொல்லத்தான் ஆள் இல்ல."

எனக்குப் பின்னால் வந்த அம்மா அந்த முட்டி ஆழத் தண்ணீரிலேயே அழுதாள். கல்யாணம் சித்திரையில் நடந்தது. கல்யாணப் பந்தியிலும் கூடாரம் சார்தான் ஜெபம் செய்தார். அவர் உயிரோடு இருந்தவரையில் எங்கள் வீட்டு விசேஷத்தில் வேறு யாரையும் ஜெபிக்கக் கிரேஸ் விட்டதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்ளுகிறேன். கன்னியப்பன்மேல் பழி போட வேண்டாம், தோணி கவிழ்ந்ததாகச் சொல்ல வேண்டாம், ஜெபத்தைச் சுருக்கவும் வேண்டாம். கூடாரம் சார் ஆண்டவரிடத்தில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பந்தியில் சோறு ஆறுவதே இல்லை. சுடச்சுடச் சாப்பிட எங்களுக்கு இன்னும் பழகவில்லை.