இடப்பக்கம் கொஞ்சம் வெட்கப்படுது

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ராஜம், பள்ளிக்கூட வாத்தியாரும் ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவருமான சாமுவேல் சார், அப்புறம் காது அண்ணாச்சி. வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருந்த முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஐந்து பேர். சேர்க்கத்தான் வேண்டும். அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை.

காது அண்ணாச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அஞ்சுகிராமத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் அவர் தலையாட்டாமல் ஒரு நல்ல ஹெட்போன்கூட யார் காதிலும் ஏறியதில்லை. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். சவுதியில் பல வருஷம் வேலை பார்த்தவர். கூடப் போனவர்கள் திரும்பி வந்து மாடி வீடு கட்டினார்கள். இவர் பெட்டி நிறைய ஹெட்போன் கொண்டுவந்தார். கேட்டால், "மாடி கட்டுனா மட்டும் எத்தன ரூம்ல உக்காருவ மக்கா? ஒண்ணுலதான? இந்தா, இதுக்குள்ள பெரிய மண்டபமே இருக்கு, பாத்துக்க" என்பார்.

எனக்கு அஞ்சுகிராமத்தில் செல்போன் சாமான்கள் விற்கிற கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஹெட்போன் பெட்டியில் எழுதியிருக்கும் ஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் எனக்குப் பஞ்சாங்கம் மாதிரி. யாராவது விளக்கம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே விலை உயர்ந்த சரக்கைப் பின் அலமாரியில் வைத்திருந்தேன். அண்ணாச்சி வந்த பிறகுதான் அதெல்லாம் முன்னால் வந்தது.

அவர் தீர்ப்புச் சொல்கிற விதமே தனி. முதலில் ஹெட்போனில் வில்லுப்பாட்டைப் போட்டுக் கேட்பார். "குடத்துக்குள்ள காத்து இருக்கணும்வே. இதுல மண்ண அள்ளிப் போட்டு அடைச்சு வச்சிருக்கான்" என்று ஒன்றைத் தள்ளுவார். அடுத்து நாதஸ்வரம். "சீவாளி நனைஞ்சிருக்கா காஞ்சிருக்கான்னு தெரியணும்." அப்புறம் சர்ச் பாட்டு. "பாடுக நாலு வரிசைக்காரனும் தள்ளித் தள்ளி நிக்கணும். இதுல எல்லாவனும் மினிபஸ்ல ஏறுன மாதிரில்லா நெருக்கியடிச்சு நிக்கான்!"

விலை பத்தாயிரத்தைத் தாண்டினால் கடையில் வைத்துக் கேட்கமாட்டார். முதலில் காதைக் கழுவ வேண்டும். அதற்கு முட்டம் போக வேண்டும். என் ஸ்கூட்டரில் ஒன்றரை மணி நேரம்.

"அண்ணாச்சி, கன்னியாகுமரியிலயும் கடல்தான இருக்கு? அதுதான பக்கம்?"

"அங்க சங்குமாலை விக்கவன் சத்தம் கலந்துரும்வே. முட்டத்துலதான் கலப்படமில்லாத கடல்."

முட்டத்துப் பாறையில் அவர் எப்போதும் ஒருக்களித்து, வலப்பக்கத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். அலை வந்து ஹெட்போனை நனைத்துவிடுமோ என்று அதை மடிக்குள் பொத்திக்கொண்டிருந்த எனக்கு, அவர் ஏன் அப்படி உட்காருகிறார் என்று யோசிக்க நேரமில்லை.

போன வருஷம்தான் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. ஒரு புது ஹெட்போனை மாட்டிப் பார்த்தவர், "குடம் ஜோர். சீவாளி ஜோர். ஆனா இடப்பக்கம் கொஞ்சம் வெட்கப்படுது" என்றார். வாங்க வந்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்ததற்கும் இடப்பக்கம் வெட்கப்பட்டது. வேறு கம்பெனி வரவழைத்தேன். அதுவும் வெட்கப்பட்டது. நாகர்கோவில் மொத்த வியாபாரி போனில் பிடித்துக்கொண்டார். "அது என்னவே, ஒமக்க கடைக்கு வந்தா மட்டும் எல்லாத்துக்கும் லெஃப்ட்டு வெட்கப்படுது? கல்யாணம் பேசியா அனுப்புதோம்?"

எனக்குத் தூக்கம் போயிற்று. கரண்டில் கோளாறோ, கடையின் வாசலில் கோளாறோ என்று கவலைப்பட்டேன். நானும் மாட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் இடப்பக்கம் வெட்கப்படுவதாகவே கேட்டது. சாமுவேல் சாருக்கும் அப்படித்தான் கேட்டது. அண்ணாச்சி சொன்ன பிறகு வேறு மாதிரிக் கேட்கிற காது எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

ராஜம் மட்டும் ஒருநாள், "எல்லா செருப்பும் ஒரே எடத்துல கடிச்சா செருப்பையா பாப்பிய? காலத்தான பாக்கணும்" என்றாள். அவளை வாயை மூடச் சொன்னேன்.

இனி அன்றைக்கு வருகிறேன். பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்யச் சாமுவேல் சாருக்கு நல்ல ஹெட்போன் தேவைப்பட்டது. பெட்டியைத் திறந்து அவரே முதலில் மாட்டிப் பார்த்து, கண் கலங்கி, அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி மாட்டினார். முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: "நாலு வரிசையும் நல்லா நிக்கான் சாரே. ஆனா இடப்பக்கம்..."

"வெட்கப்படுதா?" என்றார் சார். உடனே அவர் முகம் மாறியது. "அண்ணாச்சி, நீங்க அதை மாத்தில்லா மாட்டியிருக்கிய. வலதுக்குள்ளது இடது செவியில இருக்கு."

அண்ணாச்சி கழற்றிச் சரியாக மாட்டினார். முன்னால் குறை சொன்ன பக்கம் இப்போது வலது காதில். மறுபடியும் அதே பாட்டு. பாதியிலேயே அவர் கை அவரையறியாமல் இடது காதைத் தொட்டது.

சாமுவேல் சார் சுவரில் தொங்கிய சார்ஜர்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஓடாத ஃபேனைப் பார்த்தேன். அண்ணாச்சி ஹெட்போனைப் பெட்டிக்குள் பிள்ளையைக் கிடத்துவது மாதிரிக் கிடத்தினார். "நல்ல சாமான். வாங்கிக்கிடுங்க சாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்புறம் ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டு. ஹெட்போன் கேட்டு வந்தவர்களெல்லாம், "அண்ணாச்சி இல்லையா? பொறவு வாறேன்" என்று போனார்கள். வியாபாரம் போனால் போகட்டும். அந்தக் காதை நம்பியே நடமாடின மனுஷன் எங்கே போய் என்ன செய்துகொள்வாரோ என்று ராஜத்திடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். "இங்க உக்காந்து புலம்புனா வந்துருவாரா? முட்டத்துக்குப் போங்க" என்றாள் ராஜம்.

பாறைமேல்தான் இருந்தார். அன்று இடப்பக்கத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா மக்கா," என்றார் திரும்பாமலே, "இந்தப் பக்கத்துல இருந்து கேட்டா கடல் கொஞ்சம் தூரமா இருக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சவுதியில் அவர் நிற்கிற இடத்துக்கு இடப்பக்கம் பெரிய கம்ப்ரஸர் ஒன்று நாள் முழுக்க ஓடுமாம். அது மெல்ல மெல்லத் தின்றது வயசான பிறகுதான் முழுசாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் ஹெட்போன் வாங்கியது. "காதைக் கொடுத்துட்டு ஹெட்போன் வாங்கியிருக்கேன். எனக்க வியாபாரத்தப் பாத்தியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டர்கிட்ட போவோமா அண்ணாச்சி?"

"போனா மிஷின் வைக்கச் சொல்லுவான்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "அதுவும் ஒரு சின்ன ஹெட்போன்தான அண்ணாச்சி?"

அவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

நாகர்கோவிலில் காது மிஷின் விற்கிற இடத்தில் நடந்ததை அங்கிருந்த பெண் சாகும்வரை மறக்கமாட்டாள். "தாத்தா, நான் பேசுறது கேக்குதா?" என்றாள் அவள். "நீ பேசுகது கெடக்கட்டும் மோளே. குடத்துக்குள்ள மண்ணு கெடக்கு. வேற எடு" என்றார் அண்ணாச்சி. ஒவ்வொரு மிஷினுக்கும் வில்லுப்பாட்டு, நாதஸ்வரம், சர்ச் பாட்டு. மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியது. கடைசியில் ஒன்றைக் காதில் வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் அசையாமல் இருந்தார். "நாலு வரிசையும் வந்துட்டான்" என்றார். அந்தப் பெண் கைதட்டினாள்.

இப்போது பழையபடி கடைக்கு வருகிறார், தீர்ப்புச் சொல்கிறார். எந்த ஹெட்போனுக்கும் இடப்பக்கம் வெட்கப்படுவதில்லை. ஹெட்போனை மாட்டும்போது மிஷினைக் கழற்ற வேண்டியிருப்பதால் வலது காதுக்கு மட்டுமே அவர் தீர்ப்பு. இடது காதுக்குச் சாமுவேல் சார்.

"நீ மெதுவா புலம்புகதும் இப்ப தெளிவா கேக்குதுவே. மிஷினக் கழத்தி வச்சிரட்டா?" என்று என்னைக் கேலி செய்வார். கழற்றுவதில்லை.

ஆனாலும் அந்தச் சின்னஞ்சிறு மிஷினுக்குள் பேட்டரி எப்போது தீரும் என்று யார் கண்டது? அதனால் அவர் வந்து உட்கார்ந்ததும், நான் இன்றைக்கும் என் ஸ்டூலை அவருடைய வலப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.