ஃபங்கலோலோவின் ஆறு ஆண்கள்

ஓர் ஊர் ஏன் காலியாகிறது என்ற கேள்விக்கு மனித குலம் இதுவரை கண்டுபிடித்த விடைகளிலேயே உன்னதமானது, அந்த ஊருக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பி வைப்பதுதான். குழுவில் ஆறு பேர் இருந்தால், காலியான ஊரில் அன்றைக்கே ஆறு பேர் கூடிவிடுகிறார்கள். இவ்வளவு விரைவாகப் பலன் தரும் திட்டம் வேறு உண்டா? டோங்கா நாட்டின் ஃபங்கலோலோ கிராமம் இந்தப் பேற்றைப் பெற்றது.

அதற்கு மூல காரணம் ஊர் அதிகாரி லிசியாதே தலைநகருக்கு எழுதிய மூன்று கடிதங்கள். ஊரில் பாடுபடக்கூடிய ஆண்கள் நாற்பத்தேழு பேர். அவர்களில் நாற்பத்து மூன்று பேர் ஆஸ்திரேலியாவில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் நாலு பேர்: பாதிரியார், பாதிரியாரின் மச்சான், பள்ளி ஆசிரியர், முழங்கால் மக்கர் செய்யும் லிசியாதே. 'பாதிப் பேர் போகட்டும், பாதிப் பேர் ஊரில் இருக்கட்டும், முறை வைத்து மாறிக்கொள்ளட்டும்' என்பதுதான் மூன்று கடிதங்களிலும் இருந்த ஒரே கோரிக்கை.

அதில் அவருடைய சொந்த வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகன் பவுலா போய் நாலு வருஷம். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அடுத்த ஒப்பந்தம் வாசலில் வந்து நின்றது. புயல் தூக்கிப்போன கூரைக்குப் பதில் தார்ப்பாய்; கிழங்குத் தோட்டத்தில் ஆளுயரப் புல். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பவுலா கைப்பேசித் திரையில் உட்கார்ந்து, இங்கே தனக்காக வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே ரொட்டி சாப்பிட்டான். அவன் ஒரே ஒரு வருஷம் வந்து இருந்தால் போதும் என்று லிசியாதே ஏங்கிக்கொண்டிருந்தார்.

வந்தது, 'சர்வதேச இடப்பெயர்வின் காரணங்களும் விளைவுகளும் பற்றிய உயர்மட்டக் கள ஆய்வுக் குழு'. தலைவர் ஆஸ்திரேலியாக்காரரான டாக்டர் பெட்டிஃபர். இருபது வருஷமாகத் தீவுகளை ஆராய்கிறவர்; டோங்க மொழியை இலக்கணப் பிழையே இல்லாமல் பேசுவார், அதனால் யாரும் அவரோடு சிரித்துப் பேசுவதில்லை. கூட வந்த ஐந்து பேரும் அவரைப்போலவே செம்பருத்திப் பூப்போட்ட சட்டை அணிந்து, அவர் தலையாட்டும்போது தலையாட்டினார்கள்.

தேவாலயக் கூடத்தில் கூட்டம் தொடங்கியது. பச்சைக் காகிதம் காரணத்துக்கு, ரோஜா நிறக் காகிதம் விளைவுக்கு. மக்கள் சொல்லச் சொல்ல எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்குப் 'பங்கேற்பு முறை' என்று பெயர்.

"உங்கள் மகன் ஏன் சென்றார்?" என்று பெட்டிஃபர் லிசியாதேவைக் கேட்டார்.

"வேலை இருக்கு வான்னு கூப்பிட்டாங்க, டாக்டரய்யா."

"யார் அழைத்தார்கள்?"

"நீங்கதான். உங்க ஊர்க்காரங்க."

பெட்டிஃபர் பச்சைக் காகிதத்தையும் ரோஜாக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அது காரணம் ஆகாது. அது பின்னணி. பின்னணிக்கு நாங்கள் காகிதம் கொண்டுவரவில்லை" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாயிங்கா இறந்துபோன செய்தி வந்தது. வாயிங்கா, லிசியாதேவுக்கும் அவருடைய அக்கா மெலெசேய்னிக்கும் தாய்மாமன். எண்பது வயது. அவர் போனதில் குறை சொல்ல ஏதுமில்லை, போன நாள்தான் சிக்கல்.

டோங்காவில் சாவு வீட்டில் யார் எந்த வேலை செய்வது என்பது பிறப்பிலேயே முடிவான விஷயம். இறந்தவரின் சகோதரி பிள்ளைகள் உசத்தி. சின்ன, நேர்த்தியான பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், துரும்பைத் தொடக்கூடாது. இறந்தவரின் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் தாழ்த்தி. முகவாய்க்கட்டை வரை வரும் கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு, பன்றி சுடுவதிலிருந்து சவப்பெட்டி சுமப்பது வரை அவர்கள் பாடு. வாயிங்காவின் ஏழு மகன்களும் தம்பி பிள்ளைகளும் தக்காளித் தோட்டத்தில் இருந்தார்கள். ஊரில் மிஞ்சிய நாலு ஆண்களும், கணக்குப் பார்த்தால், ஏதோ ஒரு வழியில் உசத்தி. ஊர் முழுக்க உட்காருவதற்கு ஆள் இருந்தது, எழுந்திருக்க ஆள் இல்லை.

மெலெசேய்னி பிணத்தின் தலைமாட்டில், தனக்குரிய முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா சொல்லைத் தம்பி தட்டுவது அந்த நாட்டில் நடக்காத காரியம். அவள் தம்பியைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"கோயில்ல ஆறு பேரு சும்மாதானே உக்காந்திருக்காங்க?"

"அக்கா, அவங்க உயர்மட்டக் குழு."

"உயரமாத்தான் இருக்காங்க. குழி தோண்ட வசதி. பரண்மேல பெரிய பாய் கிடக்கு, எடுத்துக் குடு தம்பி."

லிசியாதே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறு பேரும் கிழிந்த பாய்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள். ஊர்க்காரர்களுக்கே சின்னப் பாய், நமக்குப் பெரிய பாயா? இவ்வளவு பெரிய மரியாதையை எந்த ஊரும் செய்ததில்லை என்று பெட்டிஃபர் கண் கலங்கினார். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்த மரியாதைக்கு ஈடாகக் குழி தோண்டினார்கள், மண்ணடுப்புக்குக் கல்லைக் காய வைத்தார்கள், பன்றியைச் சுட்டார்கள், கிழங்கு உரித்தார்கள். அன்று மாலைக்குள் அவர்களுடைய செம்பருத்திப் பூக்கள் எல்லாம் கரியாகிவிட்டன.

மறுநாள் பெட்டியையும் அவர்களே சுமந்தார்கள். ஏழு மகன்களும் ஏழு கைப்பேசித் திரைகளில் அழுதார்கள். தகப்பனைத் தோளில் சுமந்துபோன ஆறு பேரில் ஒருத்தருக்குக்கூட அவருடைய முகம் தெரியாது. குழுவின் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் லிசியாதே அந்த ஏழு திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நம்மையும் இப்படி யாரோதான் தூக்குவார்கள், பவுலா திரையில் இருப்பான் என்று நினைத்து, பாதிரியார் ஜெபம் முடித்த பிறகும் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் பெட்டிஃபர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். 'ஆய்வு நாட்களில் ஊரில் உடல் உழைப்பில் ஈடுபட்ட ஆண்கள் எத்தனை பேர்?' என்று கேள்வி. அவர் '6' என்று எழுதினார்.

"டாக்டரய்யா, அந்த ஆறு பேரும் நீங்கதானே."

"ஆய்வாளர் தன்னைப் பற்றிய எண்ணத்தைக் கணக்கில் கலக்கக்கூடாது. உழைத்தார்களா?"

"உழைச்சாங்க."

"ஆண்களா?"

"ஆண்கள்தான்."

"ஊரில்தானே?"

"ஊர்லதான்" என்று லிசியாதே ஒப்புக்கொண்டார். அறிவியல் என்றால் அப்படித்தான், ஒப்புக்கொள்ள வைத்துவிடும்.

ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள். அட்டையில் கிழிந்த பாயோடு, முகமெல்லாம் கரியாக, அடையாளமே தெரியாமல் ஆறு பேர். கீழே, 'ஃபங்கலோலோவின் உற்சாகமான உழைப்பாளர்கள்'. முடிவுரை சுருக்கமாக இருந்தது. நான்கு உசத்தியான ஆண்கள் உட்கார்ந்திருக்கையில் ஆறு பேர் மட்டுமே எல்லா வேலைகளையும் எளிதாக முடித்துவிட்டபடியால், இவ்வூரில் 'உபரி உழைப்பு' இருப்பது ஐயமற நிறுவப்படுகிறது. முறை வைத்து மாறும் கோரிக்கை தள்ளுபடி. ஆஸ்திரேலிய வேலைத் திட்டத்தில் இவ்வூருக்குக் கூடுதலாக ஆறு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

கூடவே தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு: படத்தில் உள்ள ஆறு பேரையும் மருத்துவப் பரிசோதனைக்கு உடனே ஆஜர்படுத்தவும்.

லிசியாதே விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். கடைசியில், ஊரில் இருக்கும் நாலு பேரை அனுப்பினால், 'தலைமறைவான' மீதி இரண்டு பேரைப் பற்றிப் பெருந்தன்மையோடு பிறகு விசாரிப்பதாகச் சொன்னார்கள். அதே வாரம் பவுலாவுக்கு ஐந்தாவது வருஷ ஒப்பந்தம் வந்தது.

மெலெசேய்னி தம்பியைக் கூப்பிட்டு விட்டாள். "கடுதாசி எழுதி அவன் வரப்போறதில்ல. நீயே போய்க் கையோட கூட்டிட்டு வா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் அங்கயே தங்கிடாத தம்பி" என்றும் சொன்னாள்.

இப்படியாகத் தகப்பனும் மகனும் ஒரே கண்ணாடிக் கூரையின்கீழ் சேரப்போவதை, குழு தன் அடுத்த சுற்றறிக்கையில் 'குடும்ப இணைப்பு' என்ற தலைப்பில் வெற்றிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

விமான நிலையத்தில் லிசியாதே ஓர் அட்டையை நிரப்ப வேண்டியிருந்தது. 'நாட்டை விட்டுச் செல்வதற்கான காரணம்' என்ற இடத்தில் அவர் நிதானமாக எழுதினார். இடம் போதாமல் அட்டையின் ஓரத்திலும் எழுதினார். வாங்கிப் படித்த அதிகாரிப் பெண் நெற்றியைச் சுருக்கினாள்.

"வேலைன்னு போட்டா போதும் மாமா. இதென்ன, டாக்டர் பெட்டிஃபர்னு ஆரம்பிச்சு ஆறு ஆளுங்க பேரு?"

"காரணத்தைத் தேடிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தவங்கம்மா" என்றார் லிசியாதே. "அவங்களுக்குக் கிடைக்கல. எனக்குக் கிடைச்சுது, எழுதிட்டேன்."