கால்நடை நண்பன் முகவரி மாறினான்

உலகத்திலேயே ஆட்டை ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டராகத்தான் இருக்க வேண்டும். ஆட்டுக்காரரை மட்டும் ‘வாடா, போடா’ என்றுதான் பேசுவார். கேட்டால், “அவுக நோயாளி, நீ கூட வந்தவன்” என்பார்.

நரிக்குடிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் அவர் உதவியாளர். அவருடைய சொந்தப் பெயரை ஒரே ஒருமுறை, ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கும்போது பார்த்தேன். மறுநாளே மறந்துவிட்டது. அவர் மனைவியே “கம்பவுண்டரு வந்தா குடை எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றுதான் எனக்குப் போன் செய்வார். அப்போது திருச்சுழி பஸ் ஸ்டாண்டு அருகே நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் என் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டர் அவருக்குத்தான்.

அவருடைய மரியாதையால் வந்த குழப்பங்கள் கொஞ்சமல்ல. ஒருமுறை புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்தார்கள். கம்பவுண்டர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே, “இவுக எத்தன நாளா சாப்பிடலை?” என்றார். புருஷன்காரன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, “இல்லண்ணே, காலையிலகூட நாலு தோசை சாப்பிட்டா” என்றான். அந்தம்மா அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை அவனோடு பேசவில்லை என்று கேள்வி.

ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால்தான் அவர் இணையத்தில் பிளாக் எழுத ஆரம்பித்தார். ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். ‘மூக்கு ஒழுகுகிறதா? முதலில் கொட்டகையைப் பார்’, ‘பல்லைப் பார்த்து வயது சொல், கொம்பைப் பார்த்து அல்ல’ என்று தலைப்புகள் அதட்டலாக இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படம். எடுப்பதற்கு முன் ஆட்டின் முகத்தைத் தன் துண்டால் துடைத்துவிடுவார். ஆட்டுக்காரன் படத்துக்குள் நுழைந்தால், “ஏலே, தள்ளி நில்லு, உன்னை யாரு பாக்கப் போறா” என்பார்.

பதிவுகள் நானூறைத் தாண்டின. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் லிங்கை ஊருக்கு அனுப்ப, ஊரில் இருப்பவர்கள் அதைப் போனில் பத்திரப்படுத்தி வைத்து, ஆட்டுக்கு ஏதாவது என்றால் எடுத்துப் படிப்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. தொல்லை பெயரில் இருந்தது. பிளாக்குக்கு அவர் வைத்த பெயர் ‘கால்நடை நண்பன்’.

அவர் நினைத்தது ஆடு, மாடு. ஆனால் நடைப்பயிற்சி செய்கிறவர்கள் அதைக் காலால் நடப்பது என்று புரிந்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர், “ஐயா, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?” என்று கேட்டிருந்தார். கம்பவுண்டர் பதில்: “பனி காய்ந்தபின் எட்டு மணிக்கு மேல் விடவும். ஈரப்புல்லில் வாய் வைக்க விடாதீர்கள்.” இன்னொருவர், “நடந்து வந்ததும் முழங்கால் வலிக்கிறது” என்று எழுதியிருந்தார். பதில்: “குளம்பைத் தூக்கிப் பார்க்கவும். இடையில் கல் சிக்கியிருக்கலாம்.” அவரும் நன்றி சொல்லியிருந்தார். எதைத் தூக்கிப் பார்த்தாரோ தெரியாது.

ஒரு சனிக்கிழமை கம்பவுண்டர் கடைக்குள் ஓடிவந்தார்.

“தாயி, இதப் படி. அறுபத்தஞ்சு கிலோவாம். இந்தச் சீமையில நான் அப்படி ஒரு கிடாயப் பாத்ததில்ல.”

குடற்புழு பற்றிய பதிவின் கீழே ஒருவர், “எடை அறுபத்தைந்து கிலோ. எவ்வளவு மருந்து தரலாம்?” என்று கேட்டிருந்தார். கம்பவுண்டர் மருந்தைப் பற்றிப் பேசாமல், “முதலில் படம் அனுப்பவும், பக்கவாட்டில் நிற்க வைத்து எடுக்கவும்” என்று பதில் போட்டிருந்தார். சொன்னபடியே படம் வந்தது. நீல நிற டிராக் பேண்டும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர், பூங்காவில், பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

நான் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டேன். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“தாயி, படம் கேக்காம நான் கணக்கப் போட்டுச் சொல்லியிருந்தா? அந்தப் பெரிய மனுசன் குடிச்சிருப்பாருல்ல?”

அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவருக்கு உடனே விஷயத்தை விளக்கி எழுதினோம். அவர், “பரவாயில்லை ஐயா, உங்கள் யோசனைப்படி எட்டு மணிக்கு மேல்தான் நடக்கிறேன், நன்றாக இருக்கிறது” என்று பதில் போட்டார். ஆனாலும் கம்பவுண்டர் முடிவெடுத்துவிட்டார். பெயரை மாற்ற வேண்டும். புதுப்பெயரில் ஆடு என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

நான் பொறுமையாகச் சொன்னேன். “அண்ணே, செட்டிங்ஸ்ல முகவரிப் பேரு இருக்கிற கட்டத்துல மட்டும் கை வச்சிராதீக. அங்க மாத்துனா நீங்க எழுதுனது எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா ஊருக்காரக வச்சிருக்கிற பழைய லிங்க் ஒண்ணுகூடத் தொறக்காது. விட்ட பேரை வேற யாரு வேணும்னாலும் எடுத்துக்கிரலாம். திங்கக்கிழமை நான் முறையாச் செஞ்சு தாரேன்.”

“சரி தாயி” என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாள் மத்தியானமே போன் வந்தது.

“தாயி, போன்லயே அந்தக் கட்டத்துல லேசாக் கை வச்சிட்டேன்.”

“ஏண்ணே?”

“இங்க ஒருத்தவுகளுக்குப் பிரசவம். லேட்டாச்சு. சும்மாதான உக்காந்திருக்கோம்னு…”

பிரசவம் ஒரு செம்மறியாட்டுக்கு. அது இரண்டு குட்டி ஈன்று முடிப்பதற்குள் கால்நடை நண்பன் காணாமல் போய்விட்டான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இன்னொரு அழைப்பு. பத்து நிமிடம் கழித்து மறுபடி என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாண்டியம்மாள் என்று ஒரு அக்கா பேசியிருக்கிறார். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை அவருடைய ஆடு முழுக்கத் தின்றுவிட்டது. வயிற்று உப்புசத்துக்குக் கம்பவுண்டர் எழுதிய பதிவை அவர் எப்போதோ போனில் எடுத்து வைத்திருந்தார். அதைத் தொட்டால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வருகிறது.

“‘அண்ணே, நீங்க எழுதுனது இல்லைங்குது, ஆனா என் ஆடு இருக்கு, வயிறு பானையாட்டம் இருக்கு’ன்னு அழுகுது தாயி. போன்லயே சொல்லிட்டேன். இருந்தாலும் மனசு கேக்கல. நான் போறேன். நீ அந்தப் பேரப் புடி.”

மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். நான் கடைக்கு ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். நல்லவேளை, அவர் கணக்கு அதில் திறந்தே இருந்தது. பழைய பெயரை அந்தக் கட்டத்தில் மறுபடி அடித்தேன். வேறு யாராவது எடுத்திருந்தால் அத்தனை வருடத்து லிங்கும் அடுத்தவன் வாசலில் போய் நிற்கும். சேமிக்கிற பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பெயர் கிடைத்திருந்தது. வயிற்று உப்புசப் பதிவை என் போனில் திறந்து பார்த்தேன். திறந்தது. ரொம்ப நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“பேரு கெடச்சுச்சா தாயி?”

“கெடச்சிருச்சுண்ணே. ஆடு என்னாச்சு?”

“முன்னங்காலைத் திண்டுல தூக்கி நிறுத்தி, எடது வெலாவ நீவிக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் ஏப்பம் விட்டாக.” சற்று நிறுத்தி, “பெரிய ஏப்பம்” என்றார்.

திங்கட்கிழமை முறையாக ஆரம்பித்தோம். முதல் வேலையாக எல்லாப் பதிவுகளையும், கீழே வந்திருந்த கருத்துகளையும், படங்களையும் இறக்கி ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தேன். “பத்திரமா வையுங்கண்ணே” என்றேன். மறுநாள் கேட்டால், தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அங்கேதான் எதுவும் கெட்டுப் போகாதாம். ஈரம் துடைத்து வாங்கி, வேறொரு நகல் எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ‘ஆட்டுக் கம்பவுண்டர்’ என்று அவருக்கே சொந்தமாக ஒரு முகவரி பதிவு செய்து, அதை இருக்கிற பிளாக்கோடு இணைத்தேன். பழைய முகவரியை அழிக்கவில்லை. யார் அதில் வந்தாலும், எந்தப் பதிவைத் தேடி வந்தார்களோ, புது முகவரியில் அதே பதிவுக்குத் தானாகப் போய்ச் சேரும்படி செய்தேன். மின்னஞ்சலில் பதிவு வாங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டோம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து பழைய லிங்கைத் தட்டிப் பார்த்தால் போதும் என்றேன். கம்பவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நானூற்றுச் சொச்சத்தையும் பார்க்க வேண்டும் என்றார். மூன்று சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு பதிவு திறக்கும்போதும் படத்தைப் பார்த்துவிட்டு, “இவுகளுக்கு ஒரே ஈத்துல நாலு குட்டி தாயி”, “இவுக கோவக்காரவுக, என்னைய ரெண்டு தடவ முட்டியிருக்காக” என்று குசலம் விசாரிக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டார். திறக்காமல் போன இரண்டு படங்களை நகலிலிருந்து எடுத்து ஏற்றினோம்.

ஒருவரும் வழி தவறவில்லை. நடைப்பயிற்சிக்காரர்கள் உட்பட. பழைய லிங்கைப் பிடித்துக்கொண்டு அவர்களும் புது இடத்துக்கு வந்து, “புதிய பெயர் அருமை” என்று வாழ்த்தினார்கள். கம்பவுண்டர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அதன்பின் மாதத்துக்கு ஒன்று ‘ரெண்டு கால் அன்பர்களுக்கு’ என்று தனியாக எழுத ஆரம்பித்தார். எந்தக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: டாக்டரைப் பார்க்கவும்.

பந்தல்குடியில் ஒரு டீக்கடைச் சுவரில் பழைய முகவரி எழுதியிருந்தது. அதை அழிக்க வேண்டாம், கீழே புதுசை எழுதி, நடுவில் அம்புக்குறி போடு என்று பெயிண்டரிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஷேர் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிக்கவும் ஏற்பாடு செய்தார். நான் எழுதிக் கொடுத்ததை ஆட்டோக்காரர் சுருக்கிவிட்டார். “ஆட்டுக் கம்பவுண்டர் பழைய இடத்தை விட்டுப் புது இடத்துக்கு மாறிவிட்டார்” என்பது மட்டும்தான் ஊருக்குக் கேட்டது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் ஒரு கூட்டம். முன்னால் நின்றவர் வீரணன், இருபது ஆடு வைத்திருப்பவர். கம்பவுண்டரிடம் அதிகம் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

“தாயி, ஒரு மனு அடிக்கணும். கம்பவுண்டரை மாத்தக் கூடாதுன்னு.”

எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லச் சொல்ல என் கை தானாக அடிக்க ஆரம்பித்தது. “மேற்படியர் எங்களை மரியாதையாகப் பேச மாட்டார். எங்கள் ஆடுகளை மரியாதையாகப் பேசுவார். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் வருவார். ஆகையால் அவர் எங்களுக்கு வேண்டும்.” தாளை எடுத்துக் கொடுத்தேன். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாண்டியம்மாள் அக்கா பஸ் பிடித்து வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர் வந்து சேர்ந்தார். “எதுக்குடா இம்புட்டுப் பேரு? யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்றார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். வீரணன் நம்பவில்லை. தன் போனை எடுத்துப் பழைய லிங்கை அழுத்தினார். அது புது இடத்துக்குப் போய் நின்றது. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “நம்ம கிடா அங்கனயேதான் நிக்கிது. அப்ப மாறுதல் இல்லை.” கூட்டம் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனது.

கம்பவுண்டர் மனுவை வாங்கி ஒற்றை விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். “‘மேற்படியார்’ல கால் விட்டுப் போச்சு பாரு” என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய், சுத்தமாக இருந்த மொபெட் சீட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். அந்த மனு என்னிடம்தான் இருக்கிறது. கைநாட்டையும் சேர்த்தால் அதில் அறுபத்து மூன்று கையெழுத்து. கடைசியில் இருப்பது என்னுடையது. மாறுதல் எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகு போட்டது.