மூக்கில் பிசிறு

"சேர்மன் மூக்குல பிசிறு அடிக்குது சார்" என்றார் கட்டிங் மெஷின்காரர்.

அச்சக மேனேஜர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பெரிய கம்பெனியின் சேர்மன் தாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து அச்சடித்தே வந்திருந்த தாள்கள்; ஒவ்வொன்றையும் நான்காக வெட்டித் தரவேண்டும். வெட்டு சரியாக மூக்கின் நடுவே போயிற்று.

"எதுக்கு மூக்கை வெட்டுறோம்னு அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க. இதெல்லாம் புது டிசைன்யா. நீ பிசிறை மட்டும் பாரு."

மேனேஜருக்குக் கேட்கிற பழக்கமே கிடையாது. அதிலும் இந்தக் கம்பெனி நிரந்தர வாடிக்கையானால்தான் அவருடைய நாற்காலி நிலைக்கும். இல்லாவிட்டால் அதில் உட்கார முதலாளியின் மருமகன் தயாராக நின்றான்.

பிளேடு வியாபாரம் செய்யும் மச்சினனுக்கு உடனே போன் பறந்தது.

"இன்னும் அந்தப் பழைய இரும்பு பிளேடா மாமா? ஸ்டெயின்லெஸ் போடுங்க. துருவே பிடிக்காது."

துரு பிடிக்கவில்லைதான். மழுங்கிப் போயிற்று. மறுநாள் மூக்கோடு மீசையும் பிசிறடித்தது.

"அது வெறும் பளபளப்பு மாமா. கார்பைடு போடுங்க. அதைவிடக் கெட்டி எதுவுமில்ல."

கெட்டிதான். கட்டுக்குள் யாரோ மறந்து விட்டிருந்த ஸ்டேப்ளர் பின் பட்டதும் விளிம்பு தெறித்துவிட்டது. அதன் பிறகு வந்த தாள்களிலெல்லாம் சேர்மனுக்கு மூக்குத் துவாரம் மூன்று.

"ரொம்பக் கெட்டியா இருந்தா தெறிக்கத்தானே மாமா செய்யும்?" என்று மச்சினன் இப்போது பாடம் நடத்தினான். "ஹை ஸ்பீட் ஸ்டீல்தான் உங்களுக்குச் சரி. கூர்மையும் நிக்கும், சட்டுனு உடையவும் உடையாது."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னடா?"

"முதல்லயே சொன்னா நான் எப்படி மாமா பொழைக்கிறது?"

இன்னொரு பிளேடு என்று முதலாளியிடம் போய் நிற்க முடியாது. மேனேஜர் மனைவிக்குத் தெரியாமல் ஸ்கூட்டரை விற்றார்.

புது பிளேடு வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வெட்டியது. மூக்கிலும் பிசிறில்லை, மீசையிலும் பிசிறில்லை. மேனேஜர் ஒவ்வொரு கட்டையும் தடவித் தடவிப் பார்த்து, பிள்ளையைப் போர்த்துவதுபோல வெள்ளைத் தாளில் சுற்றி அடுக்கினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மாலையில் கம்பெனி வண்டி வந்தது. டிரைவர் ஒரு கோணிச் சாக்கை விரித்து, கட்டுகளைப் பிரித்து அப்படியே கொட்டத் தொடங்கினார்.

"ஐயையோ, ஓரம் மடங்கிடப் போகுது! மெதுவாய்யா!"

டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இந்த ஆளைத்தான் கம்பெனியை விட்டே துரத்திட்டாங்களே சார்! எடைக்குப் போடும்போது மூஞ்சி தெரியக் கூடாதுன்னாங்க, அவ்வளவுதான். கையால கிழிச்சுப் போட்டிருந்தாலே போதுமே?"