பாய்லரும் பூமிக்கடியில் எரியும் அடுப்பும்

பூமிக்கு அடியில் இருக்கும் நெருப்பு வீணாகப் போகிறதே என்று இந்தியாவில் மனம் நொந்த ஒரே மனிதர் எங்கள் காட்டுப்பாக்கம் அடுக்குமாடியில்தான் இருந்தார். மாடியில் நல்ல காற்றோட்டமான வீடு காலியாக இருந்தும் தரைத்தளத்தைக் கேட்டு வாங்கியவர். “மேல போனா பூமிக்கு தூரமாய்டும் நைனா” என்று காரணம் சொன்னார்.

அவரை எல்லோரும் பாய்லர் என்றுதான் கூப்பிடுவோம். பாடி பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையில் காலமெல்லாம் பாய்லருக்குத் தீனி போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். யாரோ செல்போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் நிலத்தைத் துளைத்ததும் நீராவி தானாகப் பீச்சியடிக்கிறது. அதில் மின்சாரம் எடுக்கிறார்கள். அன்றைக்குத் தொலைந்தார் மனிதர்.

“கரி வேணாம், ஆயில் வேணாம், ஷிப்டுக்கு ஆள் வேணாம். அடில அதுபாட்டுக்கு எரிஞ்சிகினே கீது. இத்த வுட்டுட்டு நான் இன்னாத்துக்கு ஒரு இரும்பு டப்பாவுக்கு ஊட்டிகினு இருந்தேன்?”

அதன்பிறகு தினமும் காலையில், பால் வாங்க வருகிறவர்களை வாசல் கேட் அருகே மடக்கி, நாட்டு நிலவரம் வாசிப்பார்.

“லடாக்குல துளை போட்டுகினு கீறான். கோதாவரி பக்கம் கரி தேடிப் போன எடத்துல சுடுதண்ணி வந்து, சின்னதா கரண்ட்டே எடுத்துப் பாத்துட்டான். சர்க்காரு கொள்கைகூட போட்டாச்சு. நம்ம டெல்டாவுல ஆழத்துல சூடு கீதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. எவனும் கை வெக்கல.”

“காட்டுப்பாக்கத்துல?” என்று ஒருநாள் நான் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

“பாத்துகினு கீறேன்” என்றார்.

அந்த இரண்டு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் குக்கர் மூன்றாவது விசில் அடித்தாலே ஹாலிலிருந்து பால்கனிக்குப் போய்விடுகிற வீரன். “நம்ம தரைக்கு அடியில அடுப்பு எரியுதாம்” என்று மனைவியிடம் சொன்னேன். “கேஸ் மிச்சம்” என்றாள்.

பாய்லர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போர்வெல் போடும் வண்டியின் இரைச்சல் திருமழிசைப் பக்கம் கேட்டாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். ஆழத்திலிருந்து வரும் சேற்றை ஒரு கை அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

“இன்னா பெர்சு, பேஷியலா?” என்பார் வண்டிக்காரர்.

“சில்லுனு கீது. இன்னும் தோண்டு.”

“தண்ணி வந்துட்ச்சு, போதும்ன்றாரு ஊட்டுக்காரரு.”

“தண்ணியப் பாத்தா நின்னுட்றீங்க. அப்பறம் நாடு எப்டி முன்னேறும்?”

இப்படி அவர் கன்னத்தில் ஏறாத சேறு இந்த வட்டாரத்தில் இல்லை. எல்லாம் சில்லென்றே இருந்தது, ஒரு கோடைக்காலக் காலை வரை.

அன்று நான் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர்; யாரும் வேண்டாம் என்றதால் கிடைத்த பதவி. தோட்டத்துக் குழாய் தொட்டிக்குப் போகாமல் போர்வெல்லிலிருந்து நேரே வருவது. திறந்து கையை நீட்டினேன். சுட்டது. லேசாக ஆவிகூட வந்தது.

அடுத்து நடந்ததைப் பிறர் சொல்லித்தான் தெரியும். “எல்லாரும் கீழ வாங்க” என்று கத்தினேனாம். பாதிப் பேர் இறங்கியதும், நெருப்பே கீழேதான் என்று உறைத்து, “எல்லாரும் மேல போங்க” என்றேனாம். மாடிப்படியில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் நான் வீட்டுப் பத்திரத்தையும் டிவி ரிமோட்டையும் மார்போடு அணைத்தபடி நின்றேன். ரிமோட் எதற்கு என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

மற்றவர்கள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக் குதூகலமாகிவிட்டார்கள். பாய்லரை வீட்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். பூஜைக்கு வாங்கிய மாலை அவர் கழுத்தில் ஏறியது. அவரைக் கண்டாலே வேறு வழியாகப் போகும் முதல் மாடி ஐ.டி. இளைஞர் செல்போனை நீட்டி, “சார், உலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

பாய்லர், குழாயின் கீழ் கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அந்த முகம் அப்படி மலர்ந்திருக்காது.

அப்போது தண்ணீர் விக்கியது. கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர், மறுபடி காற்று. பாய்லர் குனிந்து குழாயில் காதை வைத்தார். பிறகு மோட்டார் சுவிட்சுப் பெட்டி அருகே போய் முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார், நீட்டிய செல்போனைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும்.

“மோட்டார அணை நைனா.”

“ஏன், வெடிக்கப் போகுதா?” என்றேன், ரிமோட்டை இறுக்கிக்கொண்டு.

“பூமி எங்க வெடிக்கும்? கீய தண்ணி மட்டம் எறங்கிட்ச்சு. மோட்டாரு வறண்டு சுத்தி வெந்துகினு கீது. இது பூமி சூடு இல்ல, மோட்டாரு சூடு. இன்னும் கொஞ்சம் வுட்டா எரிஞ்சி பூடும். அப்பறம் அத்தினி ஊடும் கொடத்த தூக்கிகினு லாரி பின்னால ஓடணும்.”

“அப்ப வீடியோ?” என்றார் இளைஞர்.

“அழிச்சிடு தம்பி.”

மாலையைக் கழற்றிக் குழாயின் மேலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். கூட்டம் கலைந்தது. மோட்டார் பிழைத்தது, அதை இன்னும் ஆழத்தில் இறக்கினோம். பிறகு அவரிடம், “சாயந்தரமா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே பாய்லர், ஒரு நாளாவது ராஜாவா இருந்திருப்பீங்க” என்றேன்.

“அதுக்குள்ள மோட்டாரு செத்துப் பூட்டிருக்கும். அத்த வுடு. பொய்ச் சூட்டுக்கு மாலை வாங்கிகினா, நெஜச் சூடு வர்றப்ப எவன் நம்புவான்?”

மறுநாள் காலை வாசல் கேட் அருகே, “லடாக்குல இன்னா ஆச்சுன்னா” என்று ஆரம்பித்துவிட்டார். அன்று பால் வாங்க வந்த யாரும் நழுவவில்லை.

இப்போது குத்தம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் அவரே போன் செய்வார்.

“இன்னா நைனா, தண்ணி எப்டி கீது?”

“சில்லுன்னுதான் இருக்கு பாய்லர்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். இங்கயும் பாத்துகினு கீறேன்.”

கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிடலாம்தான். அவரிடம் அந்தப் பொய்க்கு வாய் வருவதில்லை. ஆனால் தோட்டத்துக் குழாயைத் திறந்ததும், செடிகள் காத்திருக்க, கொஞ்ச நேரம் கையை நீட்டியபடி நிற்கிறேன். என்றாவது ஒருநாள் சுட்டுத் தொலைக்கட்டும்.